கடி ஸ்கேனில் இடது பக்கம் கனம்: பற்களை ராவிக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. ஐந்து மாதமாக வலது காதுக்கு முன்னால் வலிக்கிறது. வாயைத் திறந்தால் 'டக்'கென்று சத்தம் வருகிறது. காலையில் எழுந்தால் தாடை இறுகியிருக்கிறது. பல் மருத்துவர் மெல்லிய தகடு ஒன்றை நான்கு முறை கடிக்கச் சொல்லிக் கணினியில் பதிவு செய்தார். இடது பக்கக் கனம் முறையே 63, 55, 58, 52 சதவீதம். ஏழு மாதம் முன்பு கேப் போட்ட இடது கீழ்க் கடைவாய்ப்பல்லில் மட்டும் 26, 24, 27, 25 சதவீதம். இடப்பக்கம் தாடையை நகர்த்தும்போது பற்கள் பிரியும் நேரம் 1.1 விநாடி. "கடி சமநிலையில் இல்லை, அதனால்தான் மூட்டு வலிக்கிறது. கேப்போடு சேர்த்து ஆறு பற்களை ராவினால் சரியாகும்" என்கிறார். இந்த ஸ்கேன் மூட்டுக் கோளாறைக் கண்டுபிடிக்கும் சோதனைதானா? ராவிக்கொள்ளலாமா?

பதில்: கேப்பைச் சரிபார்த்து, உயரமாக இருந்தால் அதை மட்டும் ராவிக்கொள்ளுங்கள். மற்ற ஐந்தும் உங்கள் சொந்தப் பற்கள். வலி இருக்கும் இந்த நிலையில் அவற்றில் கை வைக்க விடாதீர்கள். ஒரே அறிக்கையை வைத்துக்கொண்டு ஒன்றுக்குச் சரி, ஐந்துக்கு வேண்டாம் என்று சொல்வதற்கான காரணம் நீங்கள் அனுப்பிய எண்களிலேயே இருக்கிறது.

முதலில் அந்தத் தகடு என்ன செய்கிறது என்று பார்ப்போம். குதிரை லாட வடிவத்தில், சுமார் 0.1 மி.மீ. தடிமனில் இருக்கும் பிளாஸ்டிக் படலம் அது. அழுத்தம் பட்டால் மின்தடை மாறும் மை அதில் கட்டம் கட்டமாக அச்சிடப்பட்டிருக்கும். நீங்கள் கடிக்கும்போது எந்தக் கட்டம் எப்போது அழுந்தியது, மற்றவற்றோடு ஒப்பிட்டால் எவ்வளவு அழுந்தியது என்று விநாடியின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் பதிவாகிறது. திரையில் நீலத்திலிருந்து சிவப்பு வரை எழும் தூண்கள் அவைதான். 1980களிலேயே வந்துவிட்ட தொழில்நுட்பம் இது. டி-ஸ்கேன் என்ற பெயரில் பல மருத்துவமனைகளில் பார்க்கலாம்.

இதன் நிஜமான பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. காலங்காலமாகப் பல் மருத்துவர்கள் நம்பியிருக்கும் நீலக் கார்பன் தாள், பற்கள் எங்கே தொட்டன என்று மட்டுமே காட்டும். எது முதலில் தொட்டது, எது பலமாகத் தொட்டது என்று அதற்குத் தெரியாது. கறை பெரிதாக இருந்தால் அங்கே அழுத்தமும் அதிகம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. தட்டையான இரண்டு பரப்புகள் லேசாக உரசினாலே பெரிய கறை விழும். கூரான மேடு ஒன்று முழுப் பலத்தோடு குத்தும் இடத்திலோ நடுவில் மை ஒட்டாமல், சுற்றி மெல்லிய நீல வளையத்தோடு கடுகளவு புள்ளிதான் இருக்கும். கறையின் அளவைப் பார்த்து ராவினால் குற்றமில்லாத பல் தேயும். இந்தக் குறையைத் தகட்டில் இருக்கும் சென்சார் தீர்க்கிறது.

ஆனால் அது தருவது கிலோ கணக்கு அல்ல, பங்கு கணக்கு. உங்கள் கேப்பில் 26 சதவீதம் என்றால், அந்தக் கடியில் விழுந்த மொத்த அழுத்தத்தில் கால்வாசிக்குச் சற்று மேல் அங்கே இறங்கியது என்று பொருள். மொத்தம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. பயந்து லேசாகக் கடித்தாலும் 100 சதவீதம்தான், அழுத்திக் கடித்தாலும் 100 சதவீதம்தான்.

இன்னொன்று, படத்தில் மூட்டே இல்லை. காதுக்கு முன்னால் தாடை எலும்பின் குமிழ், அதற்கு மேல் ஒரு குருத்துத் தட்டு, அதைச் சுற்றிய உறை, இவற்றை இயக்கும் தசைகள். உங்கள் வலி இவற்றில் எங்கோ இருக்கிறது. சென்சார் இருப்பது பற்களுக்கு நடுவில். தட்டு நகர்ந்திருக்கிறதா, உறை வீங்கியிருக்கிறதா, வலிப்பது தசையா என்று எதையும் அது அளப்பதில்லை. ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. இது கடியின் சோதனை, மூட்டின் சோதனை அல்ல.

இப்போது உங்கள் நான்கு பதிவுகளுக்கு வருவோம். இடது பக்கக் கனம் 63-லிருந்து 52 வரை ஆடுகிறது. ஒரே நாற்காலியில், ஒரே நாளில், சில நிமிடங்களில் 11 புள்ளி வித்தியாசம். உங்கள் பற்கள் அதற்குள் மாறிவிடவில்லை. நீங்கள் கடித்த விதம் மாறியிருக்கிறது, அல்லது தகடு இருந்த நிலை மாறியிருக்கிறது. கேப்பின் எண்கள் அப்படியல்ல. 24-க்கும் 27-க்கும் நடுவிலேயே நிற்கின்றன. நான்கு வரைபடங்களிலும் முதலில் எழும் தூணும் அந்தக் கேப்தான் என்பது நீங்கள் அனுப்பிய படங்களில் தெளிவாகத் தெரிகிறது. இந்தக் கருவியை வாசிப்பதற்கான எளிய அளவுகோல் இதுதான்: திரும்பத் திரும்ப வருவதை நம்பலாம், ஆடுவதை நம்பக் கூடாது. '63-37' என்று சிவப்பு மையால் வட்டமிட்டிருப்பது உங்கள் முதல் கடி. நான்கில் நம்பகம் மிகக் குறைந்தது அதுதான்.

முதல் கடி ஏன் தவறும்? புதுத் தகடு விறைப்பாக இருக்கும், சில முறை கடித்த பிறகே இளகும். வாய்க்குள் புதிதாக ஒரு பொருள் நுழைந்ததும் தாடை தயங்கும். பற்களுக்கு இடையே சுமார் 0.02 மி.மீ. வித்தியாசத்தையே உணரக்கூடியவர்கள் நாம். இந்தத் தகடு அதைப்போல ஐந்து மடங்கு. அதனால் முதல் இரண்டு மூன்று கடிகளைப் பழக்கத்துக்கென்று விட்டுவிட்டு, அடுத்தவற்றைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

இவை தவிர, தகட்டைப் பிடிக்கும் தாங்கி முன்பற்களின் நடுக்கோட்டில் பொருந்தாமல் ஒரு பக்கம் சாய்ந்தால் இட வலக் கணக்கே புரளும். சென்சாரின் உணர்திறனை உங்கள் கடிபலத்துக்கு ஏற்றபடி அமைக்காவிட்டால், தூண்கள் உச்சத்தில் முட்டி நின்று எல்லாம் ஒரே உயரமாகத் தெரியும், அல்லது லேசான தொடுகைகள் பதிவாகாமலே போகும். நாற்காலியைச் சாய்த்துப் படுக்க வைத்து எடுத்தால் தாடை சற்றுப் பின்வாங்கும். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடும்போது தொடும் இடமும் அதுவும் ஒன்றல்ல. மடிப்பு விழுந்த தகடு, மடிப்பு இருக்கும் இடத்தில் இல்லாத தொடுகையைக் காட்டும். உங்களைப் படுக்க வைத்து எடுத்தார்களா, உட்கார வைத்தா என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

இவையெல்லாம் திருத்திவிடக்கூடிய பிழைகள். அடுத்தது அப்படியல்ல: வலியே கடியை மாற்றும். மூட்டு உறைக்குள் வீக்கம் வந்து நீர் கோத்தால் தாடைக் குமிழ் மயிரிழை கீழிறங்கும். அதே பக்கத்துக் கடைவாய்ப்பற்கள் முன்போல் இறுகத் தொடாது. 'அந்தப் பக்கம் பல்லே படமாட்டேன் என்கிறது' என்று நோயாளிகள் சொல்வார்கள். குமிழை முன்னால் இழுக்கும் தசை இறுகிக்கொண்டாலும் இதே கதைதான். உங்களுக்கு வலிப்பது வலது மூட்டு, இலேசாகத் தெரிவதும் வலது கடி. 'இடது கனமானதால் வலது மூட்டு வலிக்கிறது' என்று வாசிக்கப்பட்ட அதே படத்தை, 'வலது மூட்டு வலிப்பதால் வலது பக்கம் கடிக்கத் தயங்குகிறது' என்றும் வாசிக்கலாம். எது முந்தியது என்று ஸ்கேன் சொல்லாது.

இந்த நிலையில் வலதுக்குச் சமமாக இடப்பக்கப் பற்களை ராவினால் என்ன ஆகும்? சில வாரங்களில் வீக்கம் வடிந்து குமிழ் பழைய இடத்துக்குத் திரும்பும். அப்போது வலப்பக்கம் முந்திக்கொண்டு தொடும், இடப்பக்கம் தொடாமல் தொங்கும். உடனே வலதையும் ராவச் சொல்வார்கள். கடைவாய்ப்பல் மேட்டின் உச்சியில் எனாமல் 2 மி.மீ. அளவுதான் இருக்கும், போனால் மறுபடி வளராது. இரண்டு மூன்று சுற்று இப்படி நடந்தபின், எந்தக் கடி தன்னுடையது என்றே தெரியாமல் நாள் முழுக்கப் பற்களைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வைத்தியம் செய்வது மூட்டு வலிக்கு வைத்தியம் செய்வதைவிடக் கடினம்.

1.1 விநாடி என்ற எண்ணையும் விட்டுவிட முடியாது. முழுக்கக் கடித்த நிலையிலிருந்து தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது, கோரைப்பல் மேலேறிக் கடைவாய்ப்பற்களைப் பிரித்துவிட வேண்டும். பிரிய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே அந்த எண். வரைபடத்தில் 'சி' கோட்டுக்கும் 'டி' கோட்டுக்கும் இடைப்பட்ட தூரம். அது அரை விநாடிக்குள் இருக்க வேண்டும், நீண்டால் பின்பற்கள் உரசிக்கொண்டே மெல்லும் தசைகளைத் தூண்டிச் சோர்வடையச் செய்யும் என்பது ஒரு சாராரின் கருத்து. இந்த முறையில் ராவித் தசைவலி குறைந்ததாக ஆய்வுகளும் வந்திருக்கின்றன. முற்றிலும் புறந்தள்ள வேண்டிய கருத்து அல்ல. ஆனால் அவர்கள் சொல்வதே தசைவலிக்காரர்களுக்கு, அதுவும் மூட்டு நிலையாக இருப்பதை முதலில் உறுதி செய்துகொண்ட பிறகு. உங்களுக்கோ சத்தம் இருக்கிறது, காதுக்கு முன்னால் குத்தும் வலி இருக்கிறது, மூட்டை யாரும் இதுவரை பரிசோதித்ததாகவே உங்கள் கடிதத்தில் இல்லை. தாடையை மெதுவாக நகர்த்தினாலும் இந்த எண் நீளும், வலிக்கிறவர்கள் மெதுவாகத்தான் நகர்த்துவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பது? விரலும் அளவுகோலும் போதும். 2014-இல் வெளியாகி உலகெங்கும் பின்பற்றப்படும் டி.சி./டி.எம்.டி. என்ற, தாடை மூட்டுக் கோளாறுகளுக்கான நோயறி விதிகள் கேட்பது இவ்வளவுதான். கடந்த 30 நாட்களில் வலி எங்கே இருந்தது, தாடை அசைவில் கூடுகிறதா குறைகிறதா என்று கேட்க வேண்டும். அப்புறம் கன்னத்து மெல்லும் தசையையும் நெற்றிப்பொட்டுத் தசையையும் விரல் நுனியால் சுமார் 1 கிலோ அழுத்தத்தில் இரண்டு விநாடி அழுத்திப் பார்க்க வேண்டும். மூட்டின் வெளிமுனைக்கு அரைக் கிலோ போதும். கைக்கு அந்த அளவு பழகத் தராசுத் தட்டில் விரலை வைத்து அழுத்திப் பார்த்துக்கொள்வார்கள். அழுத்தும்போது வலிக்கிறதா என்பதோடு கேள்வி முடிவதில்லை, 'இதுதானா உங்கள் வழக்கமான வலி?' என்றும் கேட்க வேண்டும். கன்னத்தை அழுத்தினால் யாருக்கும் கொஞ்சம் வலிக்கும். 'ஆமாம், இதேதான்' என்று நீங்கள் சொல்லும் இடமே நோயின் இடம்.

அடுத்து, மேல் கீழ் முன்பற்களின் விளிம்புகளுக்கு இடையே அளவுகோல் வைத்து வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்க்க வேண்டும். பற்கள் ஒன்றை ஒன்று மூடும் அளவையும் சேர்த்து 40 மி.மீ. வந்தால் பெரும்பாலும் தடையில்லை. திறக்கும்போது தாடை ஒரு பக்கம் கோணி, பிறகு நடுவுக்குத் திரும்புகிறதா, அல்லது கோணியே நின்றுவிடுகிறதா? முன்னது சத்தத்தோடு தட்டு இடம் மாறித் திரும்புவதைக் காட்டும். பின்னது, வாயும் குறைவாகவே திறந்தால், தட்டு திரும்பாமல் சிக்கியிருப்பதைக் காட்டும்.

மரக்குச்சிச் சோதனையும் உண்டு. ஒரு பக்கக் கடைவாயில் மட்டும் குச்சியை வைத்துக் கடித்தால் எதிர்ப்பக்க மூட்டில் பாரம் ஏறும், அதே பக்க மூட்டில் பாரம் குறையும். இடப்பக்கம் கடிக்கும்போது உங்கள் வலது மூட்டு குத்தி, வலப்பக்கம் கடிக்கும்போது தணிந்தால் கோளாறு மூட்டுக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். வலப்பக்கம் கடித்தபோதே வலது கன்னம் வலித்தால் தசையைச் சந்தேகிக்க வேண்டும். இதை மருத்துவர் முன்னிலையில் செய்யுங்கள், வீட்டில் பலத்தைக் காட்ட வேண்டாம்.

வலியோ பூட்டிக்கொள்வதோ இல்லாத வெறும் சத்தம் ஏராளமானோருக்கு உண்டு, அதற்கு வைத்தியமே தேவையில்லை. தட்டின் நிலையைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்றால் எம்.ஆர்.ஐ., எலும்புத் தேய்மானத்துக்கு சி.பி.சி.டி. என்ற எக்ஸ்ரே வகை ஸ்கேன். வாய் திடீரென்று திறக்காமல் போனாலோ, வைத்தியத்துக்கு மசியாவிட்டாலோ எடுத்தால் போதும்.

கேப் விஷயத்துக்கு வருகிறேன். அது உயரமாக இருக்க வாய்ப்பு நிஜமாகவே இருக்கிறது. கேப் போட்ட இரண்டு மாதத்தில் வலி தொடங்கியிருக்கிறது. அதுவே காரணம் என்று நிரூபணம் ஆகிவிடவில்லை, ஆனாலும் திருத்துவதில் நஷ்டமில்லை, ராவப்படுவது செயற்கைப் பொருள்தான். முறை இப்படி இருக்கட்டும்: நிமிர்ந்து உட்கார்ந்து, பற்களைக் காற்றால் உலர்த்தி, மெல்லிய கார்பன் தாளால் தொடும் இடத்தைக் குறிக்க வேண்டும். சென்சார் படத்தோடு ஒப்பிட்டு எந்தப் புள்ளி முந்துகிறது என்று தேர்ந்து, அதை மட்டும் துளி ராவ வேண்டும். மறுபடி கடித்துப் பார்க்க வேண்டும். கடைசிச் சோதனை 8 மைக்ரான் உலோகப் படலம்: கேப்பில் வைத்துக் கடித்து இழுத்தால் பக்கத்துப் பற்களில் பிடிப்பது போலவே பிடிக்க வேண்டும். கேப்பில் பிடித்து, பக்கத்துப் பல்லில் வழுக்கினால் இன்னும் உயரம். கேப்பிலேயே வழுக்கினால் அதிகம் ராவியாயிற்று. ராவிய இடத்தைக் கண்டிப்பாக மெருகேற்ற வேண்டும். சொரசொரப்பான செராமிக் எதிர்ப் பல்லின் எனாமலை அரத்தைப்போல் தேய்க்கும்.

இது முடிந்ததும் எட்டு வாரம் பற்களை விட்டுவிட்டுத் தசையையும் மூட்டையும் கவனியுங்கள். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நீண்டநாள் தாடை மூட்டு வலிக்கு அழுத்தமாகப் பரிந்துரைப்பது மேற்பார்வையோடு கூடிய தாடைப் பயிற்சி, கையால் தசைப்பிடிப்பு நீக்குதல், மனப்பழக்கச் சிகிச்சை, வீட்டுப் பயிற்சி போன்றவற்றைத்தான்.

பகலில் உதடு மூடியிருக்க, பற்கள் ஒன்றை ஒன்று தொடாமல், நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் சாய்ந்திருக்க வேண்டும். இது பேச்சுக்குச் சொல்வதல்ல. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிரப் பற்கள் தொட வேண்டிய அவசியமே இல்லை. கணினித் திரையின் ஓரத்திலும் கைப்பேசியின் பின்புறத்திலும் சிறு வண்ணப் பொட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். கண்ணில் படும்போதெல்லாம் பற்கள் தொட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் நாளே அதிர்ச்சியாக இருக்கும். நாக்கு நுனியை அண்ணத்தில் வைத்தபடி, அது விடுபடாத அளவுக்கு மட்டும் வாயை மெதுவாக ஆறு முறை திறந்து மூடுங்கள், நாளைக்கு ஆறு வேளை. கன்னத்தில் வெதுவெதுப்பான ஒத்தடம் 15 நிமிடம். சூயிங் கம் வேண்டாம், இரு பக்கமும் மென்று சாப்பிடக்கூடிய மென்மையான உணவு போதும். கொட்டாவி வந்தால் முகவாய்க்கு அடியில் கை கொடுங்கள்.

காலை இறுக்கம் இருப்பதால் இரவுத் தகடு, அதாவது ஸ்ப்ளின்ட், கொடுக்க முன்வருவார்கள். மேலே சொன்ன வழிகாட்டுதல் அதில் அவ்வளவு உற்சாகம் காட்டவில்லை. எடுத்த எடுப்பில் வேண்டாம், பயிற்சியில் குறையாவிட்டால் பார்க்கலாம். போடுவதானால் எல்லாப் பற்களையும் மூடும் கடினமான அக்ரிலிக் தகடாக இருக்கட்டும். முன்பற்களை மட்டும் மூடும் குட்டித் தகட்டை மாதக்கணக்கில் போட்டால் பின்பற்கள் எழும்பிக் கடியே மாறிவிடும். அக்ரிலிக்கைச் சமப்படுத்த சென்சாரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், அங்கே தவறினால் போவது எனாமல் அல்ல.

இடையில் தாடை திறக்காமல் பூட்டிக்கொண்டாலோ, முகத்தில் மரத்துப்போனாலோ, காய்ச்சலோடு வீங்கினாலோ எட்டு வாரம் காத்திருக்காதீர்கள். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ தாடை வலித்து, நின்றால் அடங்கினால் முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டும். இதை வாசிக்கும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு மெல்லும்போது தாடை சோர்ந்து, நெற்றிப்பொட்டு வலியும் பார்வை மங்கலும் சேர்ந்தால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எட்டு வாரம் கழித்து அதே மருத்துவரிடம் போய் ஸ்கேனை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். புதுத் தகடு, நிமிர்ந்த நிலை, பழக்கத்துக்கு மூன்று கடி, பிறகு மூன்று பதிவு. இடப்பக்கக் கனம் 50-ஐ ஒட்டி வந்து நின்றுவிட்டால் ராவ வேண்டிய பேச்சே முடிந்தது. வலி போன பிறகும் மூன்று பதிவிலும் ஒரே பல் ஒரே அளவில் முந்தினால் அப்போது அந்தப் பல்லைப் பற்றிப் பேசலாம். அப்போதும் ராவுவதற்கு முன் இரு தாடைப் பற்களின் வார்ப்பு அச்சையோ முப்பரிமாண ஸ்கேனையோ எடுத்து, ஒரு பிரதியை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முப்பரிமாண ஸ்கேனிலும் கடி வண்ணத்தில் தெரியும், குழம்ப வேண்டாம். அதில் சிவப்பு என்றால் பற்கள் நெருக்கமாக இருக்கின்றன என்று பொருள், பலமாகக் கடிக்கின்றன என்று அல்ல.